சிவப்பு மூடி டப்பா

காலைச் சாப்பாடு முடிந்து டுவேன் செட்லசெக் பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி லவோன் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கிளப்பில் பிஸ்டல் போட்டி. அக்டோபர் பிறந்துவிட்டதால் அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் அந்தப் பகுதி முழுக்கச் சோளம் அறுக்கிற எந்திரங்களின் இரைச்சல், ஜன்னலைச் சாத்தினாலும் விடாமல் கேட்டது.

"கராஜ்ல இருக்கிற சிவப்பு மூடி டப்பாவை எடுத்து வாசல்ல வை லவோன். திங்கக்கிழமை பழைய இரும்புக்காரன் வர்றான்," என்றார் டுவேன்.

"அதையா போடப்போறே? பளபளன்னு நல்லாத்தானே இருக்கு எல்லாம்?"

"பளபளப்பை வச்சு என்ன பண்றது? அதெல்லாம் கையைக் கடிக்கிற சாதி. தோட்டாக் கூட்டுக்கு உள்ளே ஒரு விளிம்பு இருக்கும், படி மாதிரி. மறுபடி மருந்து போட்டுச் சுட்டா அந்த இடத்துல அறுந்து அடிப்பாகம் தனியாப் பிச்சுக்கும். அப்புறம் கையில இருக்கிறது பிஸ்டல் இல்லே, பட்டாசுக் கட்டு."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, மேஜையில் இருந்த, பிளம் பழம் வைத்த கொலாச்சி ரொட்டி ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு, அவள் உச்சந்தலையில் தட்டிவிட்டுக் கிளம்பிப் போனார். பிக்கப் வண்டி சரளைக் கல்லை அரைத்துக்கொண்டு சாலையில் ஏறும் சத்தம் கேட்டது. லவோன் குழாயைத் திறந்து வைத்தபடியே நின்றாள். கையில் தட்டு இருந்தது. அதைக் கழுவியாயிற்றா இல்லையா என்றுகூட அவளுக்கு நினைவில்லை.

ஏனென்றால் மூன்று வாரத்துக்கு முன்பு அந்த டப்பாவில் கை வைத்தவள் அவள்தான்.

டுவேன் தானியக் கிடங்கில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். பொழுதுபோக்கு என்று அவருக்கு இருந்தது இது ஒன்றுதான். சுட்டுப்போட்ட வெறும் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, மறுபடி மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவாக்குவார். கிளப்பில் பாதிப் பேர் அப்படித்தான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பெரிய மனுஷர்கள் எல்லாம் கம்மல் தொலைத்தவர்கள் மாதிரி குனிந்து தரையைத் துழாவுவார்கள். ஆனால் டுவேன் அளவுக்குப் பார்த்துப் பொறுக்குகிறவர் யாரும் கிடையாது. ஒவ்வொரு கூட்டையும் கவிழ்த்து, அடியில் கடுகளவில் பொறித்திருக்கும் எழுத்தைப் படிப்பார். எந்தக் கம்பெனிக் கூடு, எத்தனை தடவை தாங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒடுங்கியது, உள்ளே விளிம்பு வைத்தது, வாய் வெடித்தது, அடி உப்பியது எதுவும் அவரிடம் தேறாது. "டுவேன் கூடு பொறுக்கலை, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறான்," என்று ஹார்லன் என்கிற வாயாடி கிளப்பில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். டுவேனுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

தேறிய கூடுகள் நீல மூடி போட்ட காப்பி டப்பாவில். தேறாதவை சிவப்பு மூடியில். தேறாததை அன்றைக்கே குப்பையில் போட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் பித்தளை ஆயிற்றே! கிளப்பில் ஒருவனுக்கும் பித்தளையைக் குப்பையில் போட மனசு வராது. வருஷத்துக்கு ஒரு முறை பழைய இரும்புக்காரன் வரும்வரை நல்லதும் கெட்டதும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் குடித்தனம் நடத்தும்.

மூன்று வாரத்துக்கு முன் டுவேனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வெந்நீர்ப் பையை முதுகுக்கு வைத்துக்கொண்டு சோபாவில் கிடந்து முனகினார். பாவம், ஒரு வேலையாவது குறையட்டுமே என்று லவோன் கராஜுக்குப் போனாள். கூடுகளைக் குலுக்கிச் சுத்தம் செய்கிற எந்திரம் ஒன்று இருந்தது. சோளத்தக்கையை உடைத்த தூளைப் போட்டு ஓடவிட்டால் கறை எல்லாம் போய்விடும். இரண்டு தடவை ஓட்டுவானேன் என்று இரண்டு டப்பாவையும் சேர்த்துக் கவிழ்த்தாள். சலித்து எடுத்ததும் கண்ணளவில் பாதிப் பாதியாக அள்ளி இரண்டு டப்பாவிலும் போட்டாள். அவளுக்கு மூடி என்றால் மூடி. சிவப்பென்ன, நீலமென்ன?

"அடேயப்பா, கல்யாண மோதிரம் மாதிரியில்ல மின்னுது!" என்று அன்றைக்கு அவர் அவளைக் கட்டிக்கொண்டார். அந்த வாரம் முழுக்க லவோன் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தாள்.

இப்போது அவள் தட்டைக் கீழே வைத்தாள். குழாயை மூடினாள். சும்மா பதறாதே என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். அந்த மனுஷன் ஒவ்வொரு கூட்டையும் விளக்கடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர். மருந்து போடுமுன் கட்டாயம் பார்த்திருப்பார். கலந்ததைத் தானே பிரித்துவிட்டு, அவள் மனசு நோகக்கூடாதென்று சொல்லாமல் இருந்திருப்பார். இருந்தாலும் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

கராஜில் வேலை மேஜைக்கு மேல் பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு வளைந்து நின்றது. பொத்தானை அழுத்தினாள். எரியவில்லை. மறுபடி அழுத்தினாள். பல்பைக் கழற்றிப் பார்த்தால் கரிந்து கறுத்துப்போயிருந்தது. கண்ணாடியைத் தொட்டபோது விரல் பட்ட இடத்தில் கோடு விழுந்தது. அவ்வளவு தூசி. ஒரு நாள் தூசி இல்லை, மாதக்கணக்கில் படிந்தது.

அப்படியானால் தினம் சாயங்காலம் இங்கே உட்கார்ந்து இந்த மனுஷன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்?

நீல டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெயில் விழுகிற வாசலுக்கு ஓடினாள். ஒரு கூட்டை எடுத்து உள்ளே பார்த்தாள். வழவழவென்று சமமாக இருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததில் பாதி ஆழத்தில் உறைகிணற்றில் தெரிவது போல ஒரு விளிம்பு. கவிழ்த்து, தன் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அடியைப் படித்தாள். மூன்று எழுத்து. விளிம்பு வைத்த கூடாகத் தேடி இன்னொன்று எடுத்தாள். அதே மூன்று எழுத்து. இன்னொன்று, அதுவும் அப்படியே.

மேஜையில் ஒரு பெட்டி நிறையத் தயாரான தோட்டாக்கள் தலைகீழாக அடுக்கியிருந்தன. இன்றைக்கு எடுத்துப்போனதில் மீந்த பெட்டி. வரிசையாக அடிப்பக்கம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. படித்துக்கொண்டே வந்தாள். நல்லது, நல்லது, நல்லது. நடுவரிசையில் அந்த மூன்று எழுத்து. பக்கத்திலேயே இன்னொன்று. மூலையில் இரண்டு.

அவருக்குத் தெரியவில்லை. எழுத்தே கண்ணுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாளாக நடந்ததெல்லாம் லவோனுக்கு நினைவு வந்தது. மாத்திரைப் பாட்டிலை நீட்டி, "கண்ணாடியை எங்கேயோ வச்சிட்டேன், நீயே படி," என்பார். சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பாடுவார். ஓட்டலில் மெனு அட்டையை மடித்து வைத்துவிட்டு, "உனக்கு எதுவோ எனக்கும் அதே," என்பார். வெள்ளிக்கிழமைச் சீட்டாட்டத்தை விட்டுவிட்டார், போரடிக்கிறதாம். தனித்தனியாகப் பார்த்தபோது கிழவருக்குச் சோம்பல் வந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். அவ்வப்போது சள்ளென்று விழுந்தும் இருக்கிறாள். இப்போது எல்லாம் சேர்ந்து ஒரே வரிசையில் வந்து நின்றன.

அவர் போனுக்கு அழைத்தாள். ரொட்டிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து அது மணியடித்தது. சுடும் வரிசையில் போன் ஒலித்தால் கேலி செய்வார்கள் என்று எப்போதும் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போவார். போட்டியை நடத்துகிற மெர்ல் குச்சேராவுக்கு அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. காதில் அடைப்பு மாட்டியிருக்கிறவனுக்கு எப்படிக் கேட்கும்?

ஏப்ரனைக் கழற்றக்கூட இல்லை. தன் பியூக் காரை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

ஊரைத் தாண்டிச் சரளைச் சாலையில் திரும்பியதும் எதிரே ஒரு தூசி மேகம். பக்கத்தில் போனபோது அதற்குள் அறுவடை எந்திரம், அகலமான முன்பாகத்தோடு சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு அதே திசையில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு வயலை முடித்து அடுத்த வயலுக்குப் போகிறான். லவோன் ஹாரனை அழுத்தினாள். உள்ளே இருந்தவன் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தானோ என்னவோ, அசையவில்லை.

"ஒதுங்கேண்டா தடிப்பயலே!" என்று கத்தினாள். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற லவோன் அதற்கு மேலும் இரண்டு வார்த்தை சொன்னாள். கடைசியில் சாலையோரப் பள்ளத்தில் இறக்கி, புல் காரின் வயிற்றை உரச, எந்திரத்தைத் தாண்டி மேலேறினாள். டுவேனின் கைதான் கண்ணுக்குள் நின்றது. இடது கையில் ஏற்கனவே ஒரு விரல் கிடங்கில் பெல்ட்டில் மாட்டிப் போய்விட்டது. மிச்சம் இருப்பதாவது இருக்கட்டும் ஆண்டவரே. கண்ணுக்கு எதுவும் வேண்டாம், முகத்துக்கு எதுவும் வேண்டாம். நான்தான் கலந்தேன், நான்தான்.

மைதானத்தில் சுடுவதற்கு அடையாளமான சிவப்புக் கொடி ஏறியிருந்தது. வண்டியை விட்டு இறங்குமுன்பே வெடிச்சத்தம் கேட்டது. டப், டப், டப். ஒவ்வொன்றுக்கும் அவள் தோள் துள்ளியது. வழக்கமாக அவள் வண்டிகள் நிற்கும் இடத்தைத் தாண்டி வரவே மாட்டாள். பலகாரத்தை மெர்லிடம் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவாள். துப்பாக்கிச் சத்தம் அவளுக்கு ஆகாது.

வரிசையின் கோடியில் டுவேனின் பழுப்பு ஜாக்கெட் தெரிந்தது. சுட்டுக்கொண்டிருந்தது அவர்தான்.

கிளப்பில் ஒரு விதி உண்டு. யாராக இருந்தாலும், வேடிக்கை பார்க்க வந்த குழந்தையாக இருந்தாலும், "நிறுத்து" என்று கத்தினால் அத்தனை பேரும் அந்தக் கணமே நிறுத்தியாக வேண்டும். லவோன் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். எல்லோர் காதிலும் அடைப்பு. டுவேனின் கை மறுபடி உயர்ந்தது. அவள் காருக்குள் பாய்ந்து ஹாரன் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து முழு எடையோடு அழுத்தினாள்.

ஹார்லன்தான் முதலில் திரும்பினான். காரிலிருந்து இறங்கி ஏப்ரனோடு கை வீசிக்கொண்டு ஓடிவருகிறவளைப் பார்த்து மெர்லின் தோளில் அடித்தான். மெர்ல் கையைத் தூக்கி உரக்க, "நிறுத்து! எல்லாரும் நிறுத்து!" என்றார்.

டுவேன் பிஸ்டலைத் தாழ்த்தி, தோட்டாவை உருவி, மேஜையில் வைத்தார். அதில் மட்டும் அவர் கை பிசகவே இல்லை.

"என்ன லவோன், வீட்டுல தீப்பிடிச்சிடுச்சா?" என்றார் மெர்ல்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. "சுடாதே டுவேன். கூடு கலந்திருக்கு. நான் ரெண்டு டப்பாவையும் ஒண்ணாக் கொட்டிட்டேன். சிவப்பு மூடி, நீல மூடி எல்லாம் ஒண்ணாப் போச்சு."

டுவேனின் முகம் வெளுத்தது. மெர்ல் குனிந்து அவர் காலடியில் கிடந்த சுட்ட கூடுகளைப் பொறுக்கினார். நாலைந்து பார்த்தபின் ஒன்றை விரலிடுக்கில் பிடித்து நிமிர்ந்தார். கூட்டின் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே மெல்லிய கறுப்புக் கோடு. பாதிச் சுற்று வரை பித்தளை கிழிந்திருந்தது.

"மயிரிழையிலே தப்பிச்சிருக்கேடா கிழவா," என்றார் மெர்ல் தணிந்த குரலில்.

ஹார்லனுக்கு வாய் சும்மா இருக்காது. "மாப்பிள்ளை தேடுறவன் வீட்டுலயே குடிகாரன் நுழைஞ்சிட்டானா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான்.

"என் தப்பு. எனக்கு மூடி விஷயம் தெரியாது," என்றாள் லவோன். தப்பு அது ஒன்றோடு முடிந்துவிடக்கூடாதா என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. முழுப் பழியையும் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடத் தயாராக இருந்தாள்.

"பரவாயில்லே, அதுக்கென்ன," என்றார் மெர்ல். "டுவேன், பெட்டியைத் திற. கெட்டதைத் தனியா எடுத்துப்போட்டுட்டு மிச்சத்தைச் சுடு. என்கிட்ட இருக்கிறதைத் தரலாம்னா, ஒருத்தன் நிரப்பினதை இன்னொருத்தன் சுடக்கூடாது, உனக்குத் தெரியாததா? அஞ்சு நிமிஷம் காத்திருக்கோம். அந்த எழுத்தெல்லாம் உனக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியுமே."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டுவேன் பெட்டியைத் திறந்தார். ஒரு தோட்டாவை எடுத்துக் கவிழ்த்து, முகத்துக்கு அருகே கொண்டுபோய், தலையைச் சற்றுச் சாய்த்து, வழக்கமான அந்தப் பாவனையோடு பார்த்தார். "இது நல்லது," என்று வலப்பக்கம் வைத்தார். அடுத்ததை எடுத்தார். "நல்லது." அடுத்தது. கொஞ்சம் யோசித்து, "கெட்டது," என்று இடப்பக்கம் வைத்தார். குரலில் ஒரு தயக்கமும் இல்லை.

லவோன் பக்கத்தில் போய் அடிகளைப் படித்தாள். இடப்பக்கம் வைத்தது நல்ல கூடு. வலப்பக்கம் இரண்டாவதாக வைத்ததில் அந்த மூன்று எழுத்து.

இத்தனை பேர் நடுவில் சொன்னால் இந்த மனுஷனால் இனி தலை நிமிர முடியுமா? கவனம் ஒன்றுதானே அவர் சொத்து. அதை வைத்துத்தானே இந்தக் கூட்டத்தில் நிமிர்ந்து நின்றார். சொல்லாவிட்டால் இன்னும் ஐந்து நிமிஷத்தில் அந்தத் தோட்டாவை எடுத்துப் பிஸ்டலில் போடுவார். அவமானத்தில் செத்தவர் யாருமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவர் கை அடுத்த தோட்டாவுக்கு நீண்டபோது அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்திவிட்டாள்.

"வேண்டாம் டுவேன்."

"விடு லவோன். பார்த்துட்டுத்தானே இருக்கேன்."

"பல்பு எரியலை," என்றாள் மிக மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கும்படி. "கராஜ்ல பார்த்தேன். கண்ணாடி பூரா தூசி."

டுவேன் அவளைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு அவள் காதுக்குச் சற்றுப் பக்கத்தில் பார்த்தார். அதைக் கண்டபோதுதான் லவோனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் கை அவள் கைக்குக் கீழே கொஞ்ச நேரம் விறைத்திருந்து, பிறகு தளர்ந்தது.

"மெர்ல்," என்றார் டுவேன். "எனக்கு இந்த எழுத்து தெரியலை."

"வெயில் கூசும். நிழல்ல வச்சுப் பாரு."

"நிழல்லயும் தெரியலை. கோடைக்கு முந்தியே தெரியலை. முன்னே பிரிச்சு வச்ச டப்பா மூடியை நம்பித்தான் இத்தனை நாளா நிரப்பிட்டிருந்தேன். சொன்னா நீ என்னை வரிசையை விட்டு இறக்கிடுவே, அதான் சொல்லலை. போதுமா?"

மெர்ல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஹார்லன் கிழக்குப் பக்கம் எதையோ தேடுகிறவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு அவனே வந்து, கேலி ஒன்றும் செய்யாமல், நல்லது கெட்டது எல்லாவற்றையும் பெட்டியில் அள்ளிப் போட்டு மூடி லவோன் கையில் கொடுத்தான்.

"பிக்கப்பை நான் கொண்டாந்து விடறேன்," என்று மெர்ல் கை நீட்டினார். டுவேன் சாவியை உடனே கொடுத்துவிடவில்லை. பையில் கையை விட்டு அதைக் கிலுக்கிக்கொண்டே நின்றார். கடைசியில் எடுத்து மெர்லின் உள்ளங்கையில் வைத்தார்.

பியூக்கில் ஏறி, நாற்பது வருஷத்தில் முதல்முறையாக, ஓட்டுகிறேன் என்று சண்டை போடாமல் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். லவோன் வண்டியை எடுத்தாள். இரண்டு கைகளும் காலையில் இருந்தபடியே அவர் மடியில் கிடந்தன. அவள் அடிக்கடி அவற்றைப் பார்த்துக்கொண்டாள். கண் டாக்டரிடம் திங்கட்கிழமையே போய்விட வேண்டும், இப்போதைக்கு அது போதும் என்று நினைத்தாள். காலையிலிருந்து முதல்முறையாக அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

பாதி வழியில் அந்த அறுவடை எந்திரம் எதிரே வந்தது. வயலுக்குத் திரும்பும் முனையில் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு, தூசிக்குள் பாதி மறைந்து. லவோன் வேகத்தைக் குறைத்து, சாலையோரப் புல்லில் இறக்கி நிறுத்தினாள்.

"எதுக்கு நிறுத்தினே?" என்று கேட்டார் டுவேன்.

"எதிரே அறுவடை எந்திரம் வருதே."

அவர் கண்களைச் சுருக்கிக்கொண்டு முன்னால் குனிந்து பார்த்தார். எந்திரத்தின் இரைச்சல் பக்கத்தில் வந்து, கார் அதிர, தாண்டிப் போயிற்று.

"காலையில வர்றப்பவும் இங்கதான் இருந்திருக்கு," என்றார். "வெறும் தூசின்னு நினைச்சேன் லவோன். சத்தம் கேட்ட பிறகுதான் ஸ்டீயரிங்கை ஒடிச்சேன்."

தூசி அடங்கிச் சாலை நன்றாகத் தெரிந்த பிறகும் லவோன் வண்டியை எடுக்கவில்லை. அவளால் எடுக்க முடியவில்லை.